புதுவீட்டுக்குக் குடிபோகும் முன்: மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணையம் ஏற்பாடு செய்ய முழுமையான வழிகாட்டி

வீடு மாறுகிறவர்களின் கவலையெல்லாம் பெட்டி கட்டுவதிலும் வண்டி பிடிப்பதிலுமே கழிந்துவிடுகிறது. மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணையம் எல்லாவற்றையும் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். முதல் நாள் இரவு குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. அல்லது வந்த தண்ணீர் நிற்காது; எங்கே அடைப்பது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஓர் இணைப்புக்கு இரண்டு பாதிகள் உண்டு. விண்ணப்பம், பெயர் மாற்றம், வைப்புத்தொகை, கட்டணம் என்பவை காகிதப் பாதி. மீட்டர், வால்வு, சுவிட்சு, கம்பி, குழாய் என்பவை கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய பாதி. முதல் பாதியை முடித்ததும் வேலை முடிந்தது என்று பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். என் கருத்தில் உங்கள் கவனத்தில் பெரும்பங்கு இரண்டாவது பாதிக்கே போக வேண்டும். விண்ணப்பத்தில் பிழை இருந்தால் நாளை திருத்திக்கொள்ளலாம். வால்வு எங்கே என்று தெரியாத வீட்டில் நள்ளிரவில் குழாய் வெடித்தால் திருத்திக்கொள்ள அவகாசம் இராது.

ஒரு மாதம் முன்பு: கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டு உரிமையாளரிடமோ விற்பவரிடமோ ஒவ்வொரு இணைப்பின் கடைசி பில்லின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த நிறுவனம், கணக்கு எண் என்ன, யார் பெயரில் இருக்கிறது, மாதம் எவ்வளவு செலவாகிறது, பாக்கி ஏதும் உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரு தாளிலேயே விடை இருக்கும். வாய்மொழியாகச் சொல்லும் எண்ணை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். ஓர் இலக்கம் மாறினால் பக்கத்து வீட்டுக் கணக்கு உங்கள் பெயருக்கு வந்துவிடும்.

அடுத்து, இணைப்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு என்றால் பெயர் மாற்றம் போதும். தற்காலிகமாகத் துண்டித்திருந்தால் மறு இணைப்பு கேட்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமும் சில இடங்களில் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. மீட்டரையே கழற்றிக்கொண்டு போயிருந்தால் அது புது இணைப்புதான்; அதற்கு நாள் பிடிக்கும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் விண்ணப்பித்து, தவறான படிவம் என்று திரும்பி வந்து, அதிலேயே வாரக்கணக்கில் இழுபறியாவது சாதாரணமாக நடக்கிறது.

பழைய பாக்கி விஷயத்தில் கறாராக இருங்கள். சில இடங்களில் பாக்கி ஆளைச் சேரும்; சில இடங்களில் அது கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்து வருகிறவர்தான் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் பகுதியில் விதி எதுவானாலும், சாவி கைமாறும் முன் எல்லா பாக்கியும் தீர்ந்ததற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்வதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வாடகை வீடானால் எந்தக் கட்டணத்தை யார் கட்டுவது, பொது மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஆகும் மின்சாரம் யார் கணக்கில் போகிறது என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

விண்ணப்பங்களில் முதலில் போக வேண்டியது இணையம். இதைச் சொன்னால் பலரும் வியப்பார்கள். மின்சாரமும் தண்ணீரும் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். பெயர்தான் மாற வேண்டும். இணையத்துக்கோ கேபிள் இழுக்க வேண்டும், கட்டடச் சங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம், தொழில்நுட்பப் பணியாளர் வரும் நாள் வாய்க்க வேண்டும். ஆகவே இணையத்தை முதலிலும், அடுத்து மின்சாரம், எரிவாயு, தண்ணீர் என்ற வரிசையிலும் அனுப்புங்கள். அடையாளச் சான்று, வாடகை ஒப்பந்தம் அல்லது விற்பனைப் பத்திரம், வங்கி விவரம், பழைய பில் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பாகத் தொலைபேசியில் வைத்துக்கொண்டால் நான்கு இடங்களிலும் அதுவே உதவும்.

இணைப்பு தொடங்கும் தேதியைக் குடிபோகும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகக் கொடுங்கள். பழைய வீட்டின் இணைப்பை முடிக்கும் தேதி, காலி செய்த மறுநாளாக இருக்கட்டும். ஓரிரு நாள் இரண்டு வீட்டுக்கும் கட்டணம் விழும். இருட்டில் பெட்டி இறக்குவதற்கும் தண்ணீரில்லாமல் பழைய வீட்டைக் கழுவுவதற்கும் அது எவ்வளவோ மேல்.

சாவி வாங்கும் நாள்

சாமான் இறங்குவதற்கு முன்பே, வீடு காலியாக இருக்கும்போது போங்கள். டார்ச், தொலைபேசி, பேனா, ஒட்டும் தாள் ஆகியவை போதும்.

ஒவ்வொரு மீட்டரையும் படம் எடுங்கள். அளவு காட்டும் எண் மட்டும் தெரிந்தால் போதாது. மீட்டரின் தொடர் எண்ணும் அதே படத்தில் விழ வேண்டும். அன்றே அந்தப் படத்தை உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். எந்த பில்லும் இரண்டு அளவுகளுக்கு இடையிலுள்ள கழித்தல் கணக்குதான். தொடக்க அளவு பதிவாகாவிட்டால் நிறுவனம் தானாக ஒரு மதிப்பீட்டைப் போட்டுக்கொள்ளும். முன்பு இருந்தவர் ஓட்டிய ஏசியும் உங்கள் தலையில் விழலாம். பிறகு வாதாட உங்கள் கையில் தேதியுள்ள படம் ஒன்றுதான் மிஞ்சும்.

அதே நடையில் நான்கு இடங்களைக் கண்டுபிடியுங்கள்: மெயின் சுவிட்சு, வீட்டுக்குள் வரும் தண்ணீரை அடைக்கும் வால்வு, எரிவாயு வால்வு, கழிவுநீர்க் குழாயின் ஆய்வுத் தொட்டி. கண்டுபிடித்ததோடு விடாமல் முதல் மூன்றையும் ஒரு முறை அடைத்துத் திறந்து பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள்.

மின்சாரம்

விநியோகப் பெட்டியின் கதவைத் திறந்தால் வரிசையாகச் சிறு சுவிட்சுகள் தெரியும். அவை எம்.சி.பி. எனப்படுபவை. அவற்றோடு 'டெஸ்ட்' என்று எழுதிய சிறு பொத்தானுடன் சற்றே அகலமான ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி. என்றோ இ.எல்.சி.பி. என்றோ எலக்ட்ரீஷியன்கள் சொல்வது அதைத்தான். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் செய்யும் வேலை வேறு. எம்.சி.பி. கம்பியைக் காக்கிறது: அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் துண்டிக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவு வரை அசையாது. மனித உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்கே போதும். ஆளைக் காப்பது அந்த டெஸ்ட் பொத்தான் உள்ள கருவிதான். போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இல்லையென்றால் மின்சாரம் வேறு வழியில் மண்ணுக்குப் போகிறது என்று பொருள். அந்த வழி ஒரு மனிதரின் உடலாகவும் இருக்கலாம். வீடுகளில் பொருத்தும் வகை 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்திலேயே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

மின்சாரம் இருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்துங்கள். பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் கருவி கெட்டுவிட்டது; மாற்ற வேண்டும். கருவியே இல்லாவிட்டால் குடிபோகும் முன் பொருத்தச் சொல்லி உரிமையாளரிடம் கேளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

பிறகு பெயரிடும் வேலை. ஒருவர் பெட்டி அருகே நின்று ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைக்க, இன்னொருவர் எந்த அறையில் எது நின்றது என்று குரல் கொடுக்கட்டும். தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். முன்பிருந்தவர் ஒட்டிய தாள் இருந்தாலும் நம்ப வேண்டாம். இடையில் கம்பி மாற்றியிருக்கக்கூடும்.

உங்கள் மீட்டர் உண்மையிலேயே உங்களுடையதுதானா? அடுக்குமாடிகளில் கீழ்த்தளத்துப் பலகையில் பத்துப் பதினைந்து மீட்டர்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் வீட்டு எண்ணை யாரோ எப்போதோ எழுதியிருப்பார்கள். இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தால் நீங்கள் பக்கத்து வீட்டுக்காரருடைய கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள், இருவருக்கும் தெரியாது. மின்னணு மீட்டர்களில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செலவாகிறதோ அவ்வளவு வேகமாகச் சிமிட்டும். வீட்டின் மெயினை அணையுங்கள். சிமிட்டல் முற்றிலும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது உங்கள் மீட்டர் அல்ல. அல்லது மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ மின்சாரம் எடுக்கிறார்கள். அப்படியானால் அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இதையே இன்னும் நுட்பமாகவும் செய்யலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி; 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம். முகப்பில் 1600 என்று இருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் ஹீட்டர் ஒன்றை மட்டும் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 27 தடவை சிமிட்ட வேண்டும். 40, 50 என்று எண்ண நேர்ந்தால் மீட்டரைச் சோதிக்கக் கோரலாம். 25, 26 என்று வந்தால் கவலை வேண்டாம். மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலே ஹீட்டரின் வேகமும் குறையும்.

கடைசியாக மின்பளு. உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று பில்லில் பாருங்கள். தண்ணீர் ஹீட்டர் 2000 வாட், மின்னடுப்பு 2000 வாட், ஏசி 1500 வாட் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 5.5 கிலோவாட். அனுமதி 3 கிலோவாட்தான் என்றால் அடிக்கடி மின்சாரம் துண்டிக்கும், அபராதமும் வரலாம். பளுவை உயர்த்தச் சில வேளைகளில் ஒருமுனை இணைப்பை மும்முனையாக்கித் தடித்த கேபிள் போட வேண்டியிருக்கும். அதனால்தான் பில்லை ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்கச் சொன்னேன். நாடு விட்டு நாடு மாறுகிறவர்கள் மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும்: உலகின் பெரும்பகுதியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சார்ஜர்களில் 100 முதல் 240 வரை என்று அச்சாகியிருந்தால் எங்கும் ஓடும். மிக்சி, முடி உலர்த்தி போன்றவை பெரும்பாலும் அப்படியிரா.

தண்ணீர்

அடைக்கும் வால்வைத்தான் முதலில் தேட வேண்டும். பெரும்பாலும் இரண்டு இருக்கும்: மீட்டர் அருகே தெருவோரம் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. மேல்நிலைத் தொட்டியுள்ள வீட்டில் தொட்டியின் அடியிலும் வால்வுகள் இருக்கும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் அடைத்திருக்கிறது, குழாயோடு ஒரே கோட்டில் நின்றால் திறந்திருக்கிறது. சக்கரம் போன்ற பிடியுள்ள கேட் வால்வை வலஞ்சுழியாகத் திருகி அடைக்க வேண்டும். முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்றுப் பின்னுக்குத் திருகி வையுங்கள், இறுகிப்போகாமல் இருக்கும். பல வருடமாகத் தொடாத வால்வு அசையாவிட்டால் பலம் காட்டாதீர்கள், தண்டு ஒடிந்துவிடும். பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க மீட்டரே சிறந்த கருவி. எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். பல மீட்டர்களின் முகப்பில் சிறு முக்கோணமோ நட்சத்திரச் சக்கரமோ இருக்கும். துளித் தண்ணீர் ஓடினாலும் அது சுழலும். அது இல்லாவிட்டால் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மாறியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. இப்போது வீட்டுக்குள் உள்ள வால்வை அடையுங்கள். மீட்டர் நின்றுவிட்டால் ஒழுக்கு வீட்டுக்குள்; நிற்காவிட்டால் மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே மண்ணுக்கடியில். யாரைக் கூப்பிடுவது, செலவு யாருடையது என்பதெல்லாம் இந்த ஒரு விடையைப் பொறுத்தது.

வீட்டுக்குள் ஒழுகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிவறையின் ஃபிளஷ் தொட்டி. சத்தமில்லாமல் ஒழுகக்கூடியது அது. தொட்டிக்குள் உணவுக்குப் போடும் வண்ணத்தைச் சில துளிகள் விட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருங்கள். கிண்ணத்தில் வண்ணம் இறங்கியிருந்தால் அடி ரப்பரை மாற்ற வேண்டும். மலிவான பொருள், மாற்றுவதும் எளிது. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் சாதாரணக் குழாயே நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் வீணாக்கும். ஃபிளஷ் தொட்டியின் ஒழுக்கு அதைவிடப் பல மடங்கு போகும்.

பூட்டிக் கிடந்த வீட்டில் குழாய்க்குள் நிற்கும் தண்ணீரை அப்படியே குடிக்கவோ குளிக்கவோ வேண்டாம். தேங்கிய நீரில், குறிப்பாக 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஓட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிய நிமோனியாவை ஆராய்ந்தபோதுதான் இது கண்டறியப்பட்டது. குடித்தால் வருவதைவிட, நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் வரும் நோய் இது. ஷவர்தான் ஆபத்தான இடம். ஆகவே ஷவர் தலையைக் கழற்றி வைத்துவிட்டு அல்லது வாளிக்குள் அமிழ்த்தி வைத்து, முதலில் குளிர்நீரையும் பிறகு வெந்நீரையும் ஒவ்வொரு குழாயிலும் சில நிமிடங்கள் ஓட விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவாமல் குடிபோகாதீர்கள். மூடி சரியாக மூடுகிறதா, வழிந்தோடும் குழாயில் கொசுவலை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீர் ஹீட்டரை இயக்கும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றுச் சத்தம் அடங்கித் தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள். தொட்டி வகை ஹீட்டருக்குள் தண்ணீர் இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் உள்ளிருக்கும் சுருள் சில நிமிடங்களில் எரிந்துபோகும். தொட்டியில் வெப்பம் 60 டிகிரி இருந்தால் பாக்டீரியா பிழைக்காது. ஆனால் அந்தச் சூட்டுத் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் குளிர்நீர் கலந்து வரும் குழாயே வேண்டும்.

பழங்காலக் கட்டடம் என்றால் இன்னொரு சோதனை. உள்ளே வரும் குழாயை நாணயத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். மிருதுவாக, வெள்ளிபோலப் பளபளத்து, காந்தமும் ஒட்டாவிட்டால் அது ஈயக் குழாயாக இருக்கலாம். கொதிக்கவைத்தால் ஈயம் போகாது. குழாயை மாற்றும்வரை ஈயத்தை நீக்கும் வடிகட்டியையோ வேறு தண்ணீரையோதான் நம்ப வேண்டும்.

எரிவாயு

சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. நாம் முகரும் நாற்றம் வேண்டுமென்றே சேர்ப்பது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளியில் மணமில்லாத இயற்கை எரிவாயு தரைக்கடியில் கசிந்து நிறைந்து வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். வாயுவில் நாற்றம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் அதன் பிறகே வந்தன. அந்த நாற்றத்தை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வருவது சிலிண்டர் வாயுவா, குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவா? சிலிண்டரில் உள்ளது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். இயற்கை எரிவாயு இலேசானது; கூரைக்கு ஏறும். கசிவு எச்சரிக்கைக் கருவியைச் சிலிண்டர் வீட்டில் தரைக்கு அருகிலும், குழாய் வாயு வீட்டில் கூரைக்கு அருகிலும் பொருத்துவது இதனால்தான். அடுப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டுக்கும் பர்னருக்குள் உள்ள துளையின் அளவு வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் உரிமம் பெற்ற பணியாளர்தான் அந்தத் துளையுள்ள ஜெட்டை மாற்றித் தர வேண்டும்.

பழைய ரப்பர் குழாயைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். அதன் மேல் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். இணைப்புக் கொடுத்ததும் சோப்பு நீரை ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். சுடர் நீலமாக, அமைதியாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று பொருள். அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வாயுவால் எரியும் தண்ணீர் ஹீட்டரைக் குளியலறைக்குள் வைத்திருந்தால் குடிபோவதற்கு முன்பே அதை வெளியே மாற்றச் சொல்லுங்கள். மூடிய குளியலறையில் இந்த வாயுவால் பலர் இறந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் புகை எச்சரிக்கைக் கருவியும் வாங்கி மாட்டுங்கள். ஏற்கெனவே புகைக் கருவி இருந்தால் பின்புறம் உள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 10 வருடம் கடந்ததை மாற்றிவிட வேண்டும்.

நாற்றம் வந்தால் செய்ய வேண்டியது: எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி பறக்கும். தீ எதுவும் எரிந்தால் அணையுங்கள். கைக்கு எட்டினால் வாயு வால்வை அடைத்து, ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வாருங்கள். தொலைபேசியில் பேசுவதெல்லாம் வெளியே வந்த பிறகுதான். அவசர எண்ணை இப்போதே எல்லோர் தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

இணையம்

இதில் அவ்வளவு ஆபத்து இல்லை, ஏமாற்றம் அதிகம். அந்தத் தெருவில் வருகிறது என்பதும் அந்த வீட்டுக்கு வரும் என்பதும் ஒன்றல்ல. வீட்டு எண்ணைக் கொடுத்து உறுதி கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் எந்த நிறுவனம் மாலை நேரத்தில் தடுமாறாமல் ஓடுகிறது என்று விசாரியுங்கள். விளம்பரத்தைவிட அது நம்பகமானது. முன்பிருந்தவர் விட்டுப்போன ஃபைபர் பெட்டி சுவரில் இருந்தால் அதன் படத்தை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். புதிதாகத் துளையிடாமலேயே இணைத்துவிடக்கூடும்.

விளம்பரத்தில் சொல்லும் வேகம் மெகாபிட்டில் இருக்கும். கோப்பின் அளவை நாம் மெகாபைட்டில் பார்க்கிறோம். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் பதிவேற்ற வேகத்தைத் தனியே கேளுங்கள். காணொளிக் கூட்டத்தில் நம் முகம் உறைந்து நிற்பது பெரும்பாலும் பதிவேற்றம் போதாமல்தான்.

பணியாளர் வரும்போது நீங்கள் வீட்டில் இருங்கள். ரவுட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். விட்டால் கேபிள் நுழையும் மூலையிலேயே வைத்துவிட்டுப் போவார். வீட்டின் நடுவே, தோள் உயரத்துக்கு மேல், இரும்பு அலமாரிக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் விலகி இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஓரிரு சுவரிலேயே தளர்ந்துவிடும். பணியாளர் கிளம்பும் முன் மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். கேபிளில் வேகம் வந்து வைஃபையில் வராவிட்டால் குறை ரவுட்டர் வைத்த இடத்தில். கேபிளிலேயே வராவிட்டால் நிறுவனத்தின் பொறுப்பு. அவர் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். முன்பிருந்தவர் விட்டுப்போன கேமரா, மின்னணுப் பூட்டு ஏதும் இருந்தால் அவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய பிறகே பயன்படுத்துங்கள்.

மின்சாரம் போனால் ஃபைபர் இணைப்பும் ரவுட்டரோடு சேர்ந்து நின்றுவிடும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. ஃபைபர் இழையில் ஒளி மட்டுமே வரும். ரவுட்டருக்கென்று ஒரு சிறு பேட்டரி வைத்தால் சில மணி நேரம் சமாளிக்கலாம்.

கழிவுநீரும் குப்பையும்

பொதுச் சாக்கடையா, கழிவுத் தொட்டியா என்று கேளுங்கள். தொட்டியானால் அது எங்கே புதைந்திருக்கிறது, கடைசியாக எப்போது காலி செய்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்; பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை காலி செய்ய வேண்டும். வீட்டுக்குள் உள்ள எல்லா வடிகால்களிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, இழுத்துக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். நாற்றம் அடிக்கும் குளியலறையில் தரைவடிகாலின் வளைவில் தண்ணீர் வற்றியிருக்கலாம்; ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். குப்பை எடுக்கும் நாளையும் தரம் பிரிக்கும் முறையையும் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பில்

முதல் பில்லை வரிவரியாகப் படியுங்கள். தொடக்க அளவு நீங்கள் எடுத்த படத்தோடு ஒத்துப்போகிறதா? முடிவு அளவு நேரில் வந்து எடுத்ததா, மதிப்பீடா? எத்தனை நாளுக்கான பில்? நிலையான கட்டணம் எவ்வளவு, வைப்புத்தொகை எவ்வளவு, திரும்பக் கிடைக்குமா? இதற்கெல்லாம் விடை தெரிந்த பிறகுதான் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். தவறான பில் தானாகக் கழிந்துவிட்டால் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

குடிபோன புதிதில், பெயர் மாற்றம் முடியவில்லை, இன்றிரவே இணைப்பைத் துண்டிக்கப்போகிறோம், இந்தச் சுட்டியை அழுத்திப் பணம் கட்டுங்கள் என்று குறுஞ்செய்தியோ அழைப்போ வரலாம். பணம் கட்டாதீர்கள். பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். அழைத்தவர் கொடுத்த எண்ணுக்கு ஒருபோதும் வேண்டாம்.

பழைய வீட்டுக் கணக்கு

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அங்குள்ள மீட்டர்களையும் படம் எடுத்து நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். கணக்கை முடிப்பதற்கான விண்ணப்பத்தில் புது முகவரியையும் வங்கி விவரத்தையும் கொடுங்கள். இறுதி பில்லும் வைப்புத்தொகையும் வந்து சேர அவைதான் வேண்டும். கணக்கு முடிந்ததற்கான கடிதம் வரும்வரை உங்கள் பெயரிலேயே அது ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துக் குடிவந்தவர் செலவழிப்பதும் உங்கள் பொறுப்பாகலாம். தானாகக் கழியும் ஏற்பாட்டை இறுதி பில் கட்டிய பிறகு ரத்து செய்யுங்கள். நிறுவனம் கொடுத்த ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வைப்புத்தொகை இரண்டு மாதமாகியும் வராவிட்டால் கணக்கு எண்ணையும் முடித்த தேதியையும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.